எக்ஸ்-மென் கட்டுரையில் வரைந்தவர்கள் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில் சூப்பர் ஹீரோ குழுக் காமிக்ஸ் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நம் மலேசியத் தமிழ் நாளிதழில் காமிக்ஸுக்கு ஒரு முழுப்பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்டவர்களின் குழுவான எக்ஸ்-மென் பற்றி மார்வெல் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ என்ற இரட்டைத் தொடரைக் கட்டுரையாளர் ரசித்துப் படித்திருக்கிறார் என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை வாரம் ஓர் இதழாகப் பன்னிரண்டு இதழ்கள் வந்த கதையை, இதுவரை எக்ஸ்-மென் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருக்கிறார். அது சுலபமான வேலையில்லை. அவருக்கு என் பாராட்டு.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஜோனதன் ஹிக்மன் என்ற கதாசிரியரின் பெயர் பத்திக்குப் பத்தி வருகிறது. படம் வரைந்த பெப்பே லராஸ் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. கூட வரைந்த ஆர்.பி. சில்வா இல்லை. வண்ணம் கொடுத்த மார்ட்டே கிராசியா இல்லை. பக்கத்தின் மேல்பாதியை நிறைத்திருந்த படம் லராஸ் வரைந்தது. அதன் கீழே பதிப்பித்த நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. கடைசியில், இவ்வளவு பெரிய கதைக்கு ஓவியங்களும் நன்றாகத் துணை செய்கின்றன என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

நான் ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறவள். கோயில் திருவிழா அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், தைப்பூசம் வந்தால் தண்ணீர்ப்பந்தல் பதாகை. எழுத்து எங்கே நிற்க வேண்டும், படம் எங்கே மூச்சு விட வேண்டும் என்று பார்ப்பதே என் பிழைப்பு. காமிக்ஸ் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்துவிட்டது. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் எங்கள் வீட்டில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடக்கும். ஆங்கிலக் காமிக்ஸ் பிறகு வந்தது. பினாங்கு சாலையில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். சம்பளம் வாங்கிய சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த் பெரிக்குப் போவதற்கு முன் அங்கே ஏறி, பழைய எக்ஸ்-மென் இதழ்களைத் தேடி எடுப்பேன். கட்டுரையில் சொன்ன தொடரின் கெட்டி அட்டைத் தொகுப்பை என் அண்ணன் மகன் கோலாலம்பூர் கே.எல்.சி.சி. கினோகுனியாவில் வாங்கி வந்தான். அவனுக்கு முன்னால் நான் படித்து முடித்தேன்.

கட்டுரையாளர் தொடரிலேயே உருக்கமான இடம் என்று சொல்வது ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’ நான்காம் இதழ். நானும் அதையே சொல்வேன். சூரியனுக்கு அருகில் சுற்றும் ஒரு விண்தளத்தில் பிணைத்திருக்கும் ராட்சத இயந்திரத்தை அழிக்க சைக்ளாப்ஸ் தலைமையில் ஒரு சிறு குழு போகிறது. ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒரே ஒரு பிடிமானம் மிஞ்சுகிறது. அதை வெட்டினால் அந்த இயந்திரம் சூரியனுக்குள் விழும். நினைத்த இடத்துக்கு நொடியில் தாவக்கூடிய நைட்கிராலர் வுல்வரினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளியே தாவ வேண்டும். அந்த வெக்கையில் நைட்கிராலர் அந்த நொடியிலேயே எரிந்துவிடுவான். உடம்பு தானாகக் குணமாகும் வரம் உள்ள வுல்வரின் மட்டும் சில நொடிகள் தாங்குவான். தாவுவதற்கு முன் இருவரும் சாவைப் பற்றிக் கொஞ்சம் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை ஹிக்மன் எழுதியது உண்மை, நன்றாகவே எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த பக்கங்களைப் பாருங்கள். வெளியே போனதும் கட்டம் முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு கறுத்த உருவம், சதை உரிந்து உரிந்து திரும்ப முளைக்க, வெட்டிக்கொண்டே இருக்கிறது. அந்த உருவத்தின் வளைவில் இருக்கிற பிடிவாதத்தை எந்த வசனமும் சொல்லவில்லை. லராஸின் கோடு சொல்கிறது, கிராசியாவின் மஞ்சளும் ஆரஞ்சும் சொல்கின்றன. படிக்கும்போது எனக்குக் கண் கூசியது. காகிதத்தில் அச்சான வெறும் மைதான் என்று எனக்கு மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். அப்படியும் கூசியது.

அதே இதழின் முடிவில், எக்ஸ்-மென் குழுவை நிறுவிய பேராசிரியர் சேவியர் அழுகிறார். இந்தத் தொடரில் பெரும்பாலும் சேவியர் தலையில் செரிப்ரோ என்ற கவசம். அது மூக்கு வரை மூடுகிறது, கண்ணே தெரியாது. கண்ணைக் காட்டாமல் ஒரு மனிதனின் துக்கத்தை வரைய வேண்டும் என்றால் ஓவியருக்கு மிஞ்சுவது வாயும் தாடையும் தோளும்தான். சைக்ளாப்ஸுக்கும் அப்படியே, கண்ணை மறைத்த கண்ணாடி. குழுவின் தலைவர்கள் இருவருக்கும் கண் இல்லை! உதட்டின் ஓரத்தை ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி லராஸ் அதைச் சாதிக்கிறார். கட்டுரையாளர் இந்த இடத்தில் ஹிக்மனின் எழுத்து நெஞ்சைத் தொடுகிறது என்கிறார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அங்கே எழுத்து மிகவும் கொஞ்சம். நெஞ்சைத் தொட்டது முகம்.

இன்னும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஹிக்மன் பெரிய கட்டமைப்பாளர், ஆனால் அவருடைய பாத்திரங்கள் பேசும்போது எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். சேவியர், மேக்னட்டோ, ஸ்டார்ம், சைக்ளாப்ஸ், நாலு பேரும் அறிக்கை வாசிக்கிற மாதிரியே பேசுகிறார்கள். முதல் இதழில் ஜெருசலேமுக்கு வந்த தூதர்களிடம் மேக்னட்டோ பேசும் பேச்சுக்கு அது பொருந்துகிறது, அவன் எப்போதும் அப்படித்தான். மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. பெயரை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்தால் யார் பேசுகிறார்கள் என்று சொல்வது கஷ்டம். இதே எக்ஸ்-மென்னை 1975 முதல் 1991 வரை எழுதிய கிறிஸ் கிளேர்மான்டிடம் அந்தக் குறை கிடையாது. அவர் கட்டத்தை எழுத்தால் நிரப்பிவிடுவார், படத்தில் தெரிவதையே திரும்பவும் எழுதுவார், ஆனால் யார் வாய் திறந்தாலும் குரல் தெரியும். ஹிக்மனிடம் காணாத அந்தத் தனித்தனி மனிதர்களை நமக்குத் திருப்பிக் கொடுப்பது ஓவியர்கள். ஸ்டார்ம் நிற்கும் நிமிர்வு, நைட்கிராலர் உட்காரும்போது வால் சுருளும் விதம், வுல்வரின் தோளைக் கொஞ்சம் குனிந்தே வைத்திருப்பது. அதனால்தான் ஓவியர் பெயரை விட்டுவிட்டு இந்தத் தொடரைப் பாராட்டினால், பாராட்டு தவறான முகவரிக்குப் போய்விடுகிறது.

தனி ஹீரோ காமிக்ஸில் ஓவியருக்குப் பார்க்க ஓர் ஆள்தான். குழுக் காமிக்ஸில் ஒரே கட்டத்தில் எட்டுப் பேர், பத்துப் பேர். வாசகர் கண் யார் மேல் முதலில் விழ வேண்டும், அப்புறம் யாரிடம் போக வேண்டும், பேச்சுப் பலூன்கள் எந்த வரிசையில் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் வரைவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். இந்தப் பன்னிரண்டு இதழ்களுக்கும் எழுத்து அமைத்தவர் கிளேட்டன் கௌல்ஸ். அவர் பெயரையும் யாரும் சொல்வதில்லை. பலூன் ஓர் அங்குலம் தவறினால் பதில் முதலிலும் கேள்வி பிறகும் வந்துவிடும். ஆண்டு மலரில் படத்துக்குக் கீழே பெயர் வரிசை மாறிப் போனால் என்ன கூத்து நடக்கும் என்று பார்த்திருக்கிறேன், அதனால் கௌல்ஸின் வேலைக்கு எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஐந்தாம் இதழைக் கட்டுரையில் இரண்டு வரியில் முடித்துவிட்டது எனக்கு வருத்தம். செத்தவர்கள் எப்படித் திரும்பி வருகிறார்கள் என்பதை அந்த இதழ் சொல்கிறது. ஐந்து பேர். ஃபாபியோ முட்டைகளை உண்டாக்குகிறான். புரோட்டியஸ் அவற்றை உயிர் தாங்கும்படி மாற்றுகிறான். எலிக்ஸர் உயிரைத் தொடங்கி வைக்கிறான். டெம்பஸ் காலத்தைத் தள்ளி அவர்களை வளர்க்கிறாள். ஹோப் இந்த நாலு பேரின் சக்தியையும் ஒரு சுருதியில் சேர்க்கிறாள். இவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பாத்திரங்கள். அதிலும் தங்க உருண்டைகளை எறியும் ஃபாபியோவை எதற்கும் உதவாதவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தனித்தனியாக யாரும் செய்ய முடியாததை ஐந்து பேர் சேர்ந்து செய்கிறார்கள். குழுக் கதை எழுதுவதில் இதைவிட நல்ல யோசனையை நான் சமீபத்தில் படிக்கவில்லை. இது முழுக்க ஹிக்மனுக்குச் சேர வேண்டிய பெருமை, மனதாரச் சொல்கிறேன். இதை விளக்கப் பக்கம் பக்கமாக வசனம் வேண்டியிருக்கும். லராஸ் வரிசையாகக் கட்டங்களில் காட்டுகிறார், மேக்னட்டோ தன் மகள் போலாரிஸுக்கு விளக்கிக்கொண்டே வருகிறான், நமக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு ஸ்டார்ம் கூட்டத்தின் முன் நின்று, திரும்பி வந்த ஒவ்வொருவரையும் அறிமுகம் செய்கிறாள். உடுப்பு இல்லாமல், கூச்சம் இல்லாமல் நிற்கிறார்கள், துளிகூட ஆபாசம் இல்லை. அப்படி வரைய எவ்வளவு பக்குவம் வேண்டும்!

சில்வா வரைந்த ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ பக்கங்களும் இதற்குக் குறைந்தவை இல்லை. அதன் கதை நாலு காலங்களில் ஓடுகிறது. முதலாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு, நூறாம் ஆண்டு, ஆயிரமாவது ஆண்டு. பக்கத்தைத் திருப்பியதும் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று தலைப்பைப் படிக்காமலே தெரிகிறது. ஆயிரமாவது ஆண்டு வந்தால் ஆட்களே நீலம். வண்ணமே நாள்காட்டியாக நிற்கிறது. இரண்டு ஓவியர்கள் மாறி மாறி வரைந்தும் தொடர் ஒரே தொடராக இருப்பதற்கு, இரண்டுக்கும் வண்ணம் தீட்டிய கிராசியா ஒரு முக்கியக் காரணம். லராஸ் ஸ்பெயின்காரர், சில்வா பிரேசில்காரர், கிராசியா மெக்சிகோக்காரர்.

கட்டுரையில் இன்னோர் இடத்தில், இன்றைய காமிக்ஸ் எல்லாம் கணினியில் பளபளவென்று வண்ணம் அடிப்பதால் பழைய காமிக்ஸின் உயிர் போய்விட்டது என்று ஒரு கருத்து வருகிறது. அச்சுத்தொழிலில் இருப்பவள் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். பழைய அமெரிக்கக் காமிக்ஸில் சியான், மெஜந்தா, மஞ்சள் என்ற மூன்று மைகளையும் கால், அரை, முழுசு என்ற அளவுகளில்தான் போட முடியும். மை இல்லாத வெள்ளையையும் சேர்த்து மொத்தம் 64 நிறம், அதற்கு மேல் கறுப்புக் கோடு. மட்டமான செய்தித்தாள் காகிதம். பிளேட் கொஞ்சம் நகர்ந்தால் சிவப்பு உதட்டை விட்டு வெளியே போய் நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கிளினிஸ் வெய்ன் போன்றவர்கள் செய்தது பெரிய விஷயம், நான் அதை வணங்குகிறேன். ஆனால் உயிர் என்பது புள்ளிகளில் இருக்கவில்லை. இன்று லட்சக்கணக்கான நிறங்கள் கைக்கு எட்டும்போது எதை வேண்டாம் என்று விடுவது என்பதுதான் திறமை. நான்காம் இதழில் கிராசியா நிறங்களை எவ்வளவு ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நல்ல காகிதத்தில், சரியான பிளேட்டில் அது அப்படியே வந்திருக்கிறது. கணினி மேல் பழி போடுவது நியாயமில்லை.

இந்தத் தொடரில் பக்க அகலத்துக்கு நீளும் கட்டங்களும் வானத்தில் திடீரென்று முளைத்தவை இல்லை. 1999இல் ‘தி அதாரிட்டி’ என்ற குழுக் காமிக்ஸில் வாரன் எல்லிஸ் எழுத, பிரையன் ஹிட்ச் பக்கத்தின் முழு அகலத்துக்கும் நீண்ட கட்டங்கள் போட்டு வரைந்தார். லாரா டிபூயி வண்ணம். 2002இல் அதே ஹிட்ச் மார்க் மில்லருடன் ‘தி அல்டிமேட்ஸ்’ வரைந்தார். இன்று நாம் பார்க்கும் பெரும்பாலான குழுக் காமிக்ஸ்களில் அந்தக் கை தெரிகிறது.

தொடரில் நடுநடுவே வரும் வெள்ளைப் பக்கங்களைக் கட்டுரையாளர் ஹிக்மனின் எழுத்து உத்தி என்று மட்டும் குறிப்பிடுகிறார். அட்டவணை, வரைபடம், சட்டவிதிகள், ஆட்களின் பட்டியல் என்று வரும் அந்தப் பக்கங்களை வடிவமைத்தவர் டாம் முல்லர். எழுத்தைச் சின்னதாக்கி, ஓரத்தில் தாராளமாக வெள்ளை விட்டு, அலுவலக ஆவணம் மாதிரி அமைத்திருக்கிறார். எக்ஸ்-மென் குடியேறிய கிராக்கோவா தீவின் மக்களுக்கென்று தனியாக ஓர் எழுத்து வரிசையே இருக்கிறது. வாசகர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆங்கில எழுத்தோடு ஒப்பிட்டு வாசித்தார்கள், என் அண்ணன் மகனும் நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறான். இரண்டாம் இதழில் மொய்ரா என்ற பெண் பத்துப் பிறவிகள் எடுக்கிறாள், ஒவ்வொரு பிறவியிலும் முந்தையது முழுக்க நினைவில் இருக்கிறது. அத்தனை பிறவிகளையும் ஒரே படத்தில் கோடு கோடாகக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தபோது என் மேசையில் இருக்கும் வேலை மேலேயே எனக்கு மதிப்பு கூடியது. ஆனால் சில வெள்ளைப் பக்கங்கள் அதிகப்படி. கதையில் ஏற்கெனவே வரைந்து காட்டியதை மறுபடியும் பட்டியலாகப் போடும்போது வேகம் தடைபடுகிறது. அந்த இடங்களில் லராஸுக்கு இன்னும் இரண்டு பக்கம் கொடுத்திருக்கலாம்.

ஓவியர் பெயர் விடுபடுவது சின்ன விஷயம், எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாய் என்று நீங்கள் நினைக்கலாம். காமிக்ஸ் துறையில் இது சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. எக்ஸ்-மென் முதல் இதழ் 1963இல் ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் சேர்ந்து செய்தது. அன்றைய மார்வெல் வழக்கப்படி எழுத்தாளர் கதைச்சுருக்கம் சொல்வார், ஓவியர் பக்கம் பக்கமாகக் கதையைக் கட்டி வரைந்து கொடுப்பார், அதற்குப் பிறகுதான் வசனம். அப்படியிருந்தும் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர் ஸ்டான் லீ. கிர்பி 1994இல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் உரிமை கேட்டு நீதிமன்றம் நீதிமன்றமாக நடந்து, 2014இல்தான் வழக்கு சமரசத்தில் முடிந்தது. அதேபோல் 1975இல் புதிய எக்ஸ்-மென் குழு உருவானபோது நைட்கிராலரை லென் வெய்ன் எழுதிய கதையிலிருந்து ஓவியர் டேவ் காக்ரம் எடுக்கவில்லை. காக்ரம் வேறொரு தொடருக்காக முன்பே யோசித்து வைத்திருந்த உருவம் அது. உருவம் முதலில் வந்தது, கதை அதைத் தேடி வந்தது. நாங்கள் ரசித்த கிளேர்மான்ட் காலத்திலும் ஜான் பைர்ன் வெறும் வரைகலைஞர் இல்லை, கதையை யோசிப்பதிலும் கூட்டாளி. 1980இல் ஜீன் கிரே சாகும் 137ஆம் இதழின் பக்கங்களுக்கு டெரி ஆஸ்டின் மை இட்டார், டாம் ஒர்ஸெசௌஸ்கி எழுத்து அமைத்தார். ஒரு பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்களுக்கு நாம் செய்வது அநியாயம்.

சரி, நம் நாட்டுக்கு வருகிறேன். எனக்கு இதுவே மனதில் அதிகம் உறுத்துகிறது. கட்டுரை முழுக்க அமெரிக்கா, அமெரிக்கா என்றே போகிறது. எக்ஸ்-மென்னை வரைந்த மலேசியர்கள் இருக்கிறார்கள்! பில்லி டான் 2006இல் எட் புரூபேக்கர் எழுதிய ‘அன்கேனி எக்ஸ்-மென்’ தொடரில், விண்வெளிக்குப் போகும் நீண்ட கதையின் பெரும்பகுதியை வரைந்தவர். டான் எங் ஹுவாட் 2001இல் ஜான் ஆர்குடியோடு ‘டூம் பேட்ரோல்’ என்ற குழுக் காமிக்ஸை வரையத் தொடங்கினார். அதுவும் 1963இல் பிறந்த பழைய குழு, சமூகம் ஒதுக்கி வைத்த விநோத மனிதர்களின் கூட்டம். அவருடைய கோடு கோணலும் கூர்மையுமாக இருக்கும், உடம்புகள் நீண்டும் முறுக்கியும் நிற்கும், வேறு யாருடைய கையும் அந்த மாதிரி இல்லை. பிறகு 2012இல் சைமன் ஸ்பரியர் எழுதிய ‘எக்ஸ்-மென் லெகசி’யையும் அவர் வரைந்தார். சௌராஸ்தா மாடியில் டூம் பேட்ரோல் இதழ் ஒன்றைப் புரட்டி அவர் பெயரைப் பார்த்த அன்று, கடைக்காரரிடம் காட்டி, இவர் நம் நாட்டுக்காரர் என்று சொன்னேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, விலையில் ஒரு வெள்ளி குறைத்துக் கொடுத்தார்.

கதாசிரியர் பெயரை மட்டும் எழுதும் வழக்கத்தால் இழப்பு யாருக்கு என்றால், இந்த இருவரையும் போன்றவர்களுக்குத்தான். இவர்கள் எழுதவில்லை, வரைந்தார்கள். ஓவியரைக் கணக்கில் எடுக்காத கட்டுரையில் மலேசியாவுக்கு இடமே இருக்காது. மலாய், சீனப் பிள்ளைகளுக்கு நம் கேலிச்சித்திரக்காரர் லாட் பெயர் தெரியும், நம் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த இருவர் பெயரை நம் பத்திரிகைகளில் நான் பார்த்ததே இல்லை.

என் அண்ணன் மகன் படிவம் 4 படிக்கிறான். நாள் முழுக்க வரைகிறான். கை நன்றாக இருக்கிறது, அன்பினால் சொல்லவில்லை, தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன். மனித உடம்பைத் திருப்பி, மடக்கி, மேலிருந்து பார்த்த மாதிரி வரைய அவனால் முடிகிறது. அண்ணனுக்குப் பயம். படம் வரைந்து யார் பிழைத்தார்கள், பெயர் சொல் பார்க்கலாம் என்று கேட்கிறார். அவர் கேட்பதில் தப்பில்லை, பிள்ளையின் வாழ்க்கை. நான் பெயர்களைச் சொன்னேன். அத்தை சொன்னால் வீட்டுப் பேச்சு, அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் தினமும் காலையில் தேநீரோடு விரிப்பது உங்கள் நாளிதழை. அதில் அச்சில் வந்தால் நம்புவார். கட்டுரை வந்த ஞாயிறன்று பக்கத்தைப் பார்த்ததும் ஓடிப் போய் எடுத்தேன், பையனை வைத்துக்கொண்டு அவரிடம் காட்ட. பெயர்கள் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இவை. இந்த விஷயத்தைப் பற்றி மறுபடியும் எழுதச் சொல்லும்போது, அதே கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள், அவருக்கு ரசனை இருக்கிறது. பில்லி டானையும் டான் எங் ஹுவாட்டையும் பற்றி அவர் எழுத வேண்டும். அவர்களின் பக்கங்களை எதிரில் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டம் ஏன் அப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். சினிமாவுக்கு விமர்சனம் எழுதும்போது ஒளிப்பதிவாளர் பெயரை நீங்கள் விடுவதில்லை, இசையமைப்பாளர் பெயரை விடுவதே இல்லை. காமிக்ஸுக்கும் கதை, ஓவியம், மை, வண்ணம், எழுத்து அமைப்பு என்று ஒரு பெட்டிச் செய்தி போடலாம். அந்தப் பெயர்கள் எல்லாம் ஒவ்வோர் இதழின் உள்ளேயும் அச்சாகியே இருக்கின்றன, தேட வேண்டியதில்லை.

இன்னொன்று, உங்கள் வீட்டிலேயே நடப்பது. புதன்கிழமை மாணவர் பக்கத்தில் தொடர்ந்து ஒரு சித்திரக்கதை வருகிறது. சிறுவர்கள் நாலு பேர் சேர்ந்து கம்பத்தில், அதாவது கிராமத்தில், துப்பறியும் கதை. அதை வரைகிறவர் யாரோ, மிக நன்றாக வரைகிறார். மழை பெய்யும் கட்டங்களில் தகரக் கூரையில் தண்ணீர் தெறிப்பதை வெறும் பேனாக் கோட்டில் கொண்டு வருகிறார். நாலு பிள்ளைகளையும் நிழலுருவத்திலேயே அடையாளம் காண முடிகிறது, ஒருத்திக்கு இரட்டைச் சடை, ஒருவன் எப்போதும் ஒரு காலை மடக்கி நிற்பான். கதை எழுதியவர் பெயர் மேலே தடித்த எழுத்தில் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இல்லை. கடைசிக் கட்டத்தின் கீழே, மார்ஜினுக்கு உள்ளேயே, 7 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடுத்த புதன்கிழமை முதல் அங்கே அவர் பெயரைப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
இரா. புவனேஸ்வரி,
பட்டர்வொர்த், பினாங்கு.